70 இலட்சம் துவக்குப் பதிவுகளை கனடா ஏன் அழித்தது?

வணக்கம் உறவுகளே. இன்று டிசம்பர் 7. நேற்று மாலை மொன்றியலில் மவுண்ட் ரோயல் மலையில் இருந்து 14 ஒளிக்கற்றைகள் வானத்தை நோக்கி எழுந்தன. ஒரு பெயரை வாசிப்பார்கள், ஒரு ஒளி எழும். அடுத்த பெயர், அடுத்த ஒளி. ஒவ்வொரு வருடமும் நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீட்டில் இருந்தபடி அதைப் பார்ப்பேன். நேற்றும் பார்த்தேன். இரவு நித்திரை வரவில்லை. அதனால்தான் வழக்கமான சமையல், கடை என்று இல்லாமல் இன்று அந்த 14 பேரையும், அவர்களுக்குப் பிறகு வந்த துவக்குப் பதிவேட்டையும் பற்றிக் கதைக்கலாம் என்று கமெராவை வைத்தேன்.

பின்னால் சத்தம் கேட்டால் மன்னியுங்கள், வெளியே பனி வாரும் வண்டி ஓடுகிறது.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். 1989 டிசம்பர் 6. மொன்றியலில் எக்கோல் பொலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரி. ஒருவன் துவக்கோடு வகுப்புக்குள் போனான். ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் பிரித்தான். ஆண்களை வெளியே போகச் சொன்னான். நீங்கள் எல்லாம் பெண்ணியவாதிகள் என்று சொல்லிச் சுட்டான். அன்று அந்தக் கட்டடத்தில் 14 பெண்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பொறியியல் படித்த மாணவிகள். அவன் கையில் இருந்தது ரூகர் மினி-14 என்ற ரைபிள். களவெடுத்தது இல்லை, கடையில் சட்டப்படி வாங்கியது.

அன்று உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் சும்மா இருக்கவில்லை. ஹைடி ராத்ஜென் அந்தக் கல்லூரி மாணவி, அன்று அந்தக் கட்டடத்தில் இருந்தவர். வெண்டி குக்கியர் என்பவரோடு சேர்ந்து துவக்குக் கட்டுப்பாட்டுக்கு ஒரு இயக்கமே கட்டினார். அந்த உழைப்பின் பலன்தான் 1995இல் பிரதமர் ஜோன் கிரெத்தியனின் லிபரல் அரசு நிறைவேற்றிய துவக்குச் சட்டம். நீதி அமைச்சர் அலன் றொக் கொண்டுவந்தது. கைத்துப்பாக்கிகளை கனடா 1934இல் இருந்தே பதிவு செய்கிறது. ஆனால் வேட்டை ரைபிள், ஷொட்கன் போன்ற நீளத் துவக்குகளுக்கு அப்படி இருக்கவில்லை. இந்தச் சட்டம்தான் ஒவ்வொன்றையும் பதிய வேண்டும் என்றது. 2003 ஜனவரிக்குள் எல்லோரும் பதிந்திருக்க வேண்டும்.

அதிலே தொடங்கியது சண்டை.

நான் ரொறன்ரோவில் வளர்ந்தவள். பதிவை எதிர்ப்பவர்கள் எல்லாம் வெறியர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2008இல் வேலைக்காக வடக்கு ஒன்ராறியோ போனேன். திம்மின்ஸில் இருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். மூன்று குளிர்காலம் அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும். முதல் வாரமே என் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கறுப்புக் கரடி உருட்டிவிட்டது. நான் பயந்து பொலிஸுக்கு அடிக்கப் போனேன். பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அவர்கள் வந்து சேர்வதற்குள் அது சாப்பிட்டு முடித்துப் போய்விடும்" என்றார். தன் ரைபிளை எடுத்து வந்தார், ஆனால் சுடவில்லை. சத்தம் போட்டே கலைத்தார். அந்த ரைபிள் அவருடைய தகப்பனுடையது. அதை வைத்துத்தான் அந்தக் குடும்பம் வருடா வருடம் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடி, இறைச்சியைக் குளிரூட்டியில் நிரப்பி, வசந்தம் வரை சாப்பிட்டது. அந்த வீட்டில் அது ஒரு கோடாலி மாதிரி, ஒரு மண்வெட்டி மாதிரி.

ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது பதிவு பற்றிக் கேட்டேன். லாச்சியைத் திறந்து ஒரு சின்ன ஸ்டிக்கரை எடுத்துக் காட்டினார். பழைய ரைபிள் என்பதால் அதிலே இலக்கம் எதுவும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. அப்படிப்பட்ட துவக்குகளுக்குப் பதிவில் ஒரு இலக்கம் கொடுத்து, ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் அனுப்புவார்கள். அவர் பதிந்துவிட்டார், ஆனால் ஒட்டவில்லை. "அப்பாவின் துவக்கில் இதை ஒட்ட மனம் வரவில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அவருக்கு அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. பதியாமல் வைத்திருந்தால் அது குற்றவியல் சட்டப்படி குற்றம். வாழ்நாளில் ஒருவருக்கும் தீங்கு செய்யாத மனுசன் ஒரு படிவம் நிரப்பாததால் குற்றவாளி ஆகலாம் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

சரி, இன்னொரு விசயம். இது நம் ஆட்களுக்கு மட்டும் விளங்கும் என்று நினைக்கிறேன். "முதலில் பட்டியல் எடுப்பார்கள், பிறகு பறிக்க வருவார்கள்" என்று அந்தப் பெரியவர் சொல்வார். நகரத்தில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எது தமிழ் வீடு, எது தமிழ்க் கடை என்று தேடித் தேடி எரித்தார்கள். எங்கள் அம்மா அந்தக் கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அரசாங்கத்தின் கையில் இருக்கும் ஒரு தாளுக்குப் பயப்படுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே அந்தப் பயத்தை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் நான் அவரோடு உடன்படவும் இல்லை. அந்தப் பட்டியலில் இருந்தது மனிதர்களின் இனம். இந்தப் பட்டியலில் இருப்பது ஒரு பொருள், அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய பொருள். அல்பேர்ட்டா மாகாணம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. துவக்கும் சொத்துத்தான், சொத்தைப் பதிவது மாகாணத்தின் வேலை, ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு தலையிடக் கூடாது என்பது அவர்களின் வாதம். 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. இந்தச் சட்டத்தின் நோக்கம் பொதுமக்களின் பாதுகாப்பு, ஆகவே மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகத்தான் படுகிறது.

அப்புறம் காசு. இதிலே எனக்குப் பதிவை ஆதரித்தவர்கள் மேல்தான் கோபம். கட்டணமாக வரும் வருமானத்தைக் கழித்தால் அரசுக்கு 20 இலட்சம் டொலர்தான் செலவு என்று சொல்லித் தொடங்கினார்கள். 2002 டிசம்பரில் கணக்காய்வாளர் நாயகம் ஷீலா பிரேசர் அறிக்கை விட்டார். அது 100 கோடி டொலரைத் தாண்டப் போகிறது. அதுமட்டும் இல்லை, செலவு இப்படி ஏறுகிறது என்பதைப் பாராளுமன்றத்துக்கு ஒழுங்காகச் சொல்லவே இல்லை என்றும் எழுதினார். உயிர் தப்பிய பெண்கள் வருடக்கணக்காகப் போராடி வாங்கிக் கொடுத்ததை இப்படியா நடத்துவது? அந்த அறிக்கை வந்த நாளில் இருந்து "துவக்குப் பதிவு" என்றாலே "வீண் செலவு" என்று ஆகிவிட்டது. பிறகு அதைப் பராமரிக்கும் செலவு எவ்வளவோ குறைந்தது, அதை யாரும் காதில் போடவில்லை.

இதிலே எந்தச் சம்பவத்தை எடுத்தாலும் இரண்டு பக்கமும் தங்களுக்கு ஏற்றபடி சொல்வார்கள். 2005 மார்ச்சில் அல்பேர்ட்டாவில் மேயர்தோர்ப் என்ற ஊரில் ஆர்.சி.எம்.பி. என்ற மத்திய பொலிஸைச் சேர்ந்த நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எதிர்ப்பவர்கள் கேட்டார்கள்: பதிவேடு இருந்ததே, அவர்களைக் காப்பாற்றியதா? நியாயமான கேள்வி. கொலை செய்ய முடிவெடுத்தவன் தன் துவக்கைப் பதிந்துவிட்டு வரமாட்டான். ஆனால் அந்த இடத்தில் கிடந்த ரைபிள்களில் ஒன்று வேறொருவரின் பெயரில் பதியப்பட்டிருந்தது. அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் கொலையாளிக்கு உதவிய இரண்டு பேரிடம் பொலிஸார் போய்ச் சேர்ந்தார்கள். இதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

கனடாவின் பொலிஸ் தலைமை அதிகாரிகள் சங்கம் பதிவேட்டை வைத்திருங்கள் என்றுதான் கடைசிவரை சொன்னது. ஒரு வீட்டில் கணவன் மனைவியை அடிக்கிறான் என்று அழைப்பு வருகிறது. நீதிமன்றம் அவனிடம் உள்ள துவக்குகளை எடுக்கச் சொல்கிறது. லைசன்ஸ் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதுமா? எத்தனை எடுக்க வேண்டும்? இரண்டைக் கொடுத்துவிட்டு மூன்றாவதைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தால் எப்படித் தெரியும்? பதிவு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். தெருச் சண்டைக்காக இல்லை. 2012 ஜூலையில் இங்கே ஸ்காபரோவில் டான்சிக் தெருவில் சுட்டார்களே, இரண்டு பேர் இறந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்களே, அது கைத்துப்பாக்கி. இந்த நகரத்தில் குற்றங்களில் பிடிபடும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பகுதி அமெரிக்க எல்லை தாண்டிக் கடத்தி வருவது. நீளத் துவக்குப் பதிவேடு அதை நிறுத்தாது. நிறுத்தும் என்று சொன்னவர்கள் தங்கள் பக்கத்துக்கே கெடுதல் செய்தார்கள்.

இனி அரசியலுக்கு வருகிறேன். சிலர் இதைக் கட்சிச் சண்டை என்று நினைக்கிறார்கள். அது நிலத்தின் சண்டை. 2010 செப்டம்பர் 22ஆம் தேதி வாக்கெடுப்பைப் பாருங்கள். பதிவேட்டை ஒழிக்கும் தனிநபர் சட்டமூலம் 153க்கு 151 என்ற கணக்கில் நின்றுபோனது. இரண்டே வாக்கு. அப்போதைய பிரதமர் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ்கள் ஒழிக்கும் பக்கம் ஒரே அணி. லிபரல் தலைவர் இக்னாட்டியெவ் பதிவேட்டைக் காக்கும் பக்கம் வாக்களிக்கத் தன் ஆட்களுக்குக் கட்டளை போட்டார். என்.டி.பி. என்ற புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஜாக் லேய்ட்டன் ரொறன்ரோக்காரர், ஆனால் அவருடைய கட்சியில் பலர் வடக்கில், கிராமங்களில் வென்றவர்கள். முந்திய வருடம் அந்தக் கட்சியில் 12 பேர் ஒழிக்கும் பக்கம் வாக்களித்திருந்தார்கள். அவர் கட்டளை போடவில்லை, ஒவ்வொருவராகப் பேசினார். ஆறு பேர் மனம் மாறினார்கள்.

அந்த நேரத்தில் லேய்ட்டனும் இக்னாட்டியெவும் ஏறக்குறைய ஒரே திருத்தத்தைத்தான் முன்வைத்தார்கள். முதல் முறை பதியாமல் விட்டால் அதைக் குற்றவியல் குற்றம் ஆக்காதீர்கள், வாகனத்துக்கு டிக்கெட் போடுவது மாதிரி ஒரு அபராதத்தோடு விடுங்கள் என்றார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டது சரியாக இதுதான்! 1995இலேயே இப்படிச் செய்திருந்தால் அந்தப் பதிவேடு இன்றும் இருந்திருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன். 15 வருடம் பிந்திவிட்டது.

2011 மே மாதத் தேர்தல் உங்களுக்கு நினைவிருக்கும். ராதிகா சிற்சபேசன் ஸ்காபரோ ரூஜ் ரிவரில் வென்று முதல் தமிழ் எம்.பி. ஆனார், நாங்கள் எல்லோரும் கொண்டாடினோம். அதே இரவில்தான் ஹார்ப்பருக்குப் பெரும்பான்மை கிடைத்தது. 2012 பெப்ரவரியில் 159க்கு 130 என்று சட்டம் கீழ்ச்சபையில் நிறைவேறியது. என்.டி.பி.யில் தண்டர் பே பக்கத்து எம்.பி.க்கள் இரண்டு பேர் கட்சியை மீறி அரசோடு வாக்களித்தார்கள். வடக்கு ஒன்ராறியோவைப் பார்த்த எனக்கு அது அதிர்ச்சியாக இருக்கவில்லை. ஏப்ரல் 5ஆம் தேதி அது சட்டமானது.

இங்கேதான் என் மனம் ஆறவே இல்லை. பதிவேடு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், சரி, தேர்தலில் வென்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சேர்த்து வைத்த தகவலை ஏன் அழிக்க வேண்டும்? 70 இலட்சம் துவக்குகளின் விவரம். அடுத்த அரசு வந்தாலும் மீட்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணம் மட்டும், எங்கள் மாகாணத்தின் பகுதியையாவது எங்களிடம் கொடுங்கள், நாங்கள் காசு போட்டு வைத்திருக்கிறோம் என்று கெஞ்சி நீதிமன்றம் போனது. 2015 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது. அந்த மாகாணத்து நீதிபதிகள் மூன்று பேரும் மறுபக்கம் நின்றார்கள். பிறகு கியூபெக் முதலில் இருந்து தொடங்கி, 2018 ஜனவரியில் சொந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்தது.

இன்னொன்றைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த மினி-14 இருக்கிறதே, 14 பெண்களைக் கொன்ற அதே வகை, 2012க்குப் பிறகு கியூபெக்குக்கு வெளியே அதைப் பதியாமலே சட்டப்படி வாங்கலாம் என்று இருந்தது. நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2020 மே 1இல்தான் அரசு அதையும் சேர்த்துச் சுமார் 1,500 வகைகளைத் தடை செய்தது. அந்தத் தடையில் ஏ.ஆர்-15 போல ஏற்கெனவே பதிவில் இருந்தவையும் அடங்கின. "நாங்கள் அன்றே சொன்னோமே, பட்டியல் எடுத்தார்கள், இப்போது பறிக்கிறார்கள்" என்று கிராமத்தில் மறுபடி பேசத் தொடங்கினார்கள். அவர்கள் அப்படி நினைப்பது எனக்கு விளங்குகிறது. தடை சரி என்றும் நான் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே வாயால் சொல்வது கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் சில வருடங்களுக்கு முன் காலமானார். அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்தார். ரைபிளை லைசன்ஸ் உள்ள ஒரு உறவுக்காரர் வாங்கிக்கொண்டு மேற்கே போய்விட்டாராம். எந்த மாகாணம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. லாச்சியைத் துப்புரவாக்கும்போது அந்த ஸ்டிக்கர் கிடைத்திருக்கிறது, கவரோடு, ஒட்டாமலே. "இதை யாரிடம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை, அந்த இலக்கத்தை வைத்துப் பார்க்க இப்போது ஒரு பதிவேடும் இல்லை என்று சொன்னேன்.

கியூபெக்கில் இருப்பவர்கள், அங்கே புதிய பதிவு எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள். கிராமப் பக்கம் வேலை செய்பவர்களும் எழுதுங்கள், உங்கள் பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குக் கேட்க வேண்டும். அடுத்த கிழமை பார்ப்போம்.