காய்ச்சல் விட்டும் வலி விடலையா? முடக்குவாதம், லூபஸ் இருக்கிறவங்க முதல் நாள்லயே கவனிக்க வேண்டியது

[திரையில்: மெடிக்கல் கடையோட சின்ன வெள்ளைக் கவர். அதைக் கவிழ்த்தா நாலு மாத்திரை உள்ளங்கையில விழுது.]

மதுரையில இந்தக் கவரைப் பார்க்காத வீடே இருக்காது. "காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு"ன்னு சொன்னா, மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை மடிச்சுக் குடுப்பாங்க. அட்டையில இருந்து வெட்டின துண்டுங்கிறதால பேர் பாதிதான் தெரியும். ஒண்ணு பாராசிட்டமால். கூடவே டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும். சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும்.

முடக்குவாதம், லூபஸ் மாதிரி ஆட்டோஇம்யூன் நோய், அதாவது எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்பைத் தாக்குற நோய் இருக்கிறவங்க இந்தக் கவரை வாங்கவே வேண்டாம். ஐப்பசி மழையில வர்ற காய்ச்சல் டெங்குவா, சிக்குன்குனியாவா, ஃப்ளூவான்னு முதல் ரெண்டு நாள்ல யாராலயும் பார்த்துச் சொல்ல முடியாது. டெங்குவா இருந்தா, வலி மாத்திரை ரத்தக்கசிவை அதிகமாக்கும். ஸ்டீராய்டு ரெண்டு நாள் வலியை மறைச்சு வைக்கும், நிறுத்தினதும் வலி முன்னைவிட வேகமா திரும்பும். நோய் எது, மாத்திரையோட விளைவு எதுன்னு அப்புறம் டாக்டருக்கே குழப்பம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். 650 மில்லிகிராம்னா ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேண்டாம். கல்லீரல் டெஸ்ட்ல ஏற்கெனவே ஏற்றம் இருந்தா அளவு இன்னும் குறையும், டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. இதயத்துக்கோ ரத்தம் உறையாம இருக்கவோ ஆஸ்பிரின் போடுறவங்க, நீங்களா நிறுத்தாம அன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க.

[திரையில்: நோட்டுப் பேப்பர். பேனாவால மூணு கட்டம்.]

வைரஸ் போன பிறகும் மாசக்கணக்கா இழுக்குற நோய்ல ஒரு பகுதி வைரஸோட வேலை. சிக்குன்குனியா நல்ல உடம்புக்காரங்களையே மூட்டைப் பிடிச்சு மாசக்கணக்கா உட்கார வைக்கும். இன்னொரு பகுதி, காய்ச்சல் நேரத்துல மாத்திரையில நடக்குற தப்பால வருது. அது நம்ம கையில இருக்கு. அதனால உடம்பு நல்லா இருக்கிறப்பவே, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது இந்தப் பேப்பரை நீட்டி அவரையே எழுதச் சொல்லுங்க.

முதல் கட்டம்: எதை நிறுத்தவே கூடாது. ப்ரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை இங்கதான் வரும். "காய்ச்சல்ல ஸ்டீராய்டு ஆகாது"ன்னு யாரோ சொல்லி நிறுத்திடுறாங்க. இது உயிருக்கே ஆபத்து. வாரக்கணக்கா இந்த மாத்திரை போட்டவங்களுக்கு, சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி இருந்து, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்குற அட்ரினல் சுரப்பி சொந்த வேலையை மறந்து தூங்கிக்கிட்டு இருக்கும். காய்ச்சல்ல உடம்புக்கு ஸ்டீராய்டு வழக்கத்தைவிட அதிகம் தேவை. அப்ப போய் நிறுத்தினா பிரஷர் விழும், வாந்தி வரும், மயக்கம் வரும். காய்ச்சல் நாள்ல அளவைக் கூட்டணுமா, எவ்வளவு, எத்தனை நாள்ங்கிறதை இந்தக் கட்டத்துக்குள்ளயே எழுதி வாங்குங்க. மாத்திரை போட்ட அரை மணிக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொண்ணு போடுங்க. அதுவும் வெளிய வந்தா வீட்ல உட்காரக் கூடாது. பெரியாஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, எமர்ஜென்சியில நுழைஞ்சதும் முதல் வார்த்தையா "தினமும் ஸ்டீராய்டு போடுறேன், வாந்தியில நிக்கல"ன்னு சொல்லுங்க. ஹைட்ரோகார்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி போட வேண்டியிருக்கும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் பொதுவா இதே கட்டம்தான். லூபஸ்காரங்க அதை நிறுத்தினா நோய் கிளம்பிடும்.

ரெண்டாவது கட்டம்: எதைத் தள்ளி வைக்கணும். எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்துகள் இங்க வரும்: வாரம் ஒரு தடவை மட்டும் போடுற மெத்தோட்ரெக்ஸேட், அப்புறம் லெஃப்ளுனோமைடு, அசதயோப்ரின், மைக்கோஃபினோலேட், டோஃபாசிட்டினிப், பயோலாஜிக் ஊசிகள். நல்ல காய்ச்சல் இருக்கிறப்ப இதையெல்லாம் பொதுவா தள்ளி வைப்பாங்க, ஆனா சிறுநீரக லூபஸ் மாதிரி நிலைமையில டாக்டர் வேற மாதிரி முடிவெடுக்கலாம்.

மூணாவது கட்டத்தைத்தான் எல்லாரும் காலியா விட்டுடுறாங்க: திரும்ப எப்ப ஆரம்பிக்கணும். ஒரு வாரம்னு தள்ளி வைச்ச மாத்திரை ரெண்டு மாசம் டப்பாவுலயே கிடக்கும். கை கால் வீங்கின பிறகு "சிக்குன்குனியா வலி இன்னும் போகல"ன்னு நினைச்சுக்குவாங்க. காய்ச்சல் விட்டு, ரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் டெஸ்ட்டும் பார்த்ததும், எந்தத் தேதியில ஆரம்பிக்கணும்னு கேட்டு வாங்குங்க. விட்டுப்போன வாரத்துக்கும் சேர்த்து ரெட்டிப்பா போடாதீங்க.

[திரையில்: ரத்தப் பரிசோதனைத் தாள்.]

டெஸ்ட் விஷயம் சுருக்கமா. டெங்குவுக்கு முதல் அஞ்சு நாள் என்.எஸ்.1 ரத்த டெஸ்ட், அதுக்கப்புறம் ஐ.ஜி.எம் டெஸ்ட். லூபஸ்ல தட்டணு (பிளேட்லெட்) சில பேருக்கு எப்பவுமே குறைவாத்தான் இருக்கும், அதனால பழைய ரிப்போர்ட்டைக் கையில கொண்டு போங்க. மூணாவது நாளுக்கும் ஏழாவது நாளுக்கும் நடுவுல காய்ச்சல் இறங்குற நேரம்தான் டெங்குல ஆபத்தான நேரம். விடாத வயித்து வலி, தொடர் வாந்தி, ஈறுல ரத்தம், ஒண்ணுக்குக் குறையுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே கிளம்பணும். நீர் ஆகாரம் நிறைய வேணும். லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தா மட்டும் இளநீரை டாக்டரைக் கேட்டுட்டுக் குடிங்க, அதுல பொட்டாசியம் அதிகம்.

[திரையில்: அடுப்படி. முக்காலியில உட்கார்ந்து காய் நறுக்குற கைகள்.]

காய்ச்சல் விட்ட மறுநாளே ரெண்டு குடம் தண்ணி தூக்கி, சேர்த்து வைச்ச துணியெல்லாம் அலசிப் போடுற பழக்கம் இருக்கு பாருங்க, அங்கதான் பல பேர் திரும்ப விழுறாங்க. வேலை பார்த்த அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாளோ அதுக்கு மறுநாளோ எழுந்திரிக்க முடியாது. அப்படி ஆச்சுன்னா நேத்து பார்த்த வேலை உடம்பு தாங்குற அளவைத் தாண்டிருச்சுன்னு அர்த்தம். பாதியாக் குறைங்க. அந்தப் பாதியில சில நாள் பின்விளைவு இல்லாம போனா மட்டும் கொஞ்சம் கூட்டுங்க. நின்னு செய்யுற வேலையை உட்கார்ந்து செய்யுங்க. மூட்டை அசைக்காமயே வைக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணியில கையை விட்டு, விரலை மெதுவா மடக்கி விரிங்க. வீங்கின மூட்டை அழுத்தி உருவ வேண்டாம்.

மூணு வாரம் ஆகியும் காலையில கை மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுதா? மூட்டுல வீக்கம் தெரியுதா? மூட்டு டாக்டரைப் பாருங்க. லூபஸ்காரங்களுக்கு ஒண்ணுக்கு நுரைச்சுப் போனா, கால் வீங்கினா, மூணு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. வெறும் அசதின்னாலும் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்த்துட்டு அப்புறம் வைரஸ் மேல பழியைப் போடுங்க. ஸ்டீராய்டு போடுறவங்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்கலாம்.

[திரையில்: வாசல்ல நீல பிளாஸ்டிக் டிரம். உள்சுவர்ல தண்ணி மட்டத்துக்கு மேல கறுப்புப் புள்ளிகள்.]

வராமத் தடுக்க ரெண்டு வேலை. ஃப்ளூ தடுப்பூசி வருஷம் ஒண்ணு, மழைக்கு முன்னாடி, புரட்டாசிக்குள்ள. கையில போடுற ஊசிதான், மூக்குல அடிக்கிற உயிருள்ள வகை வேண்டாம். நோய் அடங்கியிருந்தா, ஊசி போட்ட பிறகு ரெண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தள்ளி வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, தடுப்பூசி நல்லாப் பிடிக்கும். நிமோனியா தடுப்பூசியையும் அப்பவே கேட்டுக்குங்க.

அடுத்து இந்த டிரம். தண்ணி நாள் விட்டு வர்ற தெருவுல டிரம் இல்லாம ஆகாது. அந்தக் கறுப்புப் புள்ளி, டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புற ஏடிஸ் கொசுவோட முட்டை. தண்ணியைக் கொட்டிட்டா மட்டும் போகாது, காஞ்ச சுவர்லயும் மாசக்கணக்கா உயிரோட இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்கணும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகுங்கிறதால வாரம் ஒரு தடவை தேய்ச்சா போதும். உங்க மெத்தோட்ரெக்ஸேட் ஞாயித்துக்கிழமைன்னா டிரம்முக்கும் ஞாயித்துக்கிழமையே வைச்சுக்குங்க. தேய்க்கிற வேலை மட்டும் வீட்ல வேற யாராவது பார்க்கட்டும்.