அச்சிட்ட வேதாகமம் இருக்கும்போது சைகை மொழியில் எதற்கு?

அடுத்த கேள்வி. "காது கேளாதவர்களுக்குக் கண் தெரியும்தானே, வேதாகமத்தை வாசித்துக்கொள்ளலாமே? இல்லாவிட்டால் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சைகையில் காட்டி வீடியோ எடுத்தால் போதாதா?" என்று ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்.

வாசிப்பதைப் பொறுத்தவரை, நாம் எழுத்துக் கூட்டும்போது, முன்பே காதில் விழுந்து பழகிய சொல்லைத்தான் கண்டுபிடிக்கிறோம். பிறவியிலேயே காது கேளாதவருக்கு அந்தத் துணை கிடையாது. நன்றாக வாசிக்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பலருக்கு அது சிரமப்பட்டுக் கற்ற இரண்டாம் மொழி. அவர்கள் யோசிப்பதும் சண்டை போடுவதும் ஜெபிப்பதும் சைகை மொழியில்தான். அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. அமெரிக்க சைகை மொழியை ஆராய்ந்து மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960-லேயே இதைக் காட்டிவிட்டார். உலகத்தில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன.

சரி, வாசிக்க வாசிக்கச் சைகை காட்டினால் என்ன? நல்ல சமாரியன் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள், லூக்கா 10. ஒரு மனுஷன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போகிறான். எருசலேம் மலைமேல், எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே. சைகையில் சொல்பவர் எருசலேமை உயரத்தில் ஓரிடத்தில் வைத்து, எரிகோவைக் கீழே வைத்து, கையைச் சரிவில் இறக்க வேண்டும். வழியில் கள்ளரிடம் அடிபட்டவன் கிடக்கும் இடத்தைக் காற்றில் ஒருமுறை குறித்துவிட்டால், அவனைத் தூக்கும்வரை அது மாறக் கூடாது. அப்புறம், அவனுக்கு உதவாமல் விலகிப் போகும் ஆசாரியன் வருகிறான். எந்தப் பக்கத்திலிருந்து? வாசிக்கிற நாம் அதை யோசிப்பதே இல்லை. கையை அசைக்கிறவர் முடிவு செய்தே ஆக வேண்டும். கிரேக்க மூலத்தில் அவனும் இறங்கித்தான் வருகிறான், அதாவது எருசலேமை விட்டு வருகிறான். எருசலேம் ஆலய ஊழியத்துக்குப் போகிற அவசரம் என்று அவனுக்காகச் சாக்குச் சொல்ல வழியில்லை! கிடப்பவனைப் பார்த்ததும் அவன் முகம் எப்படி மாறுகிறது? அந்த முகபாவமும் மொழிபெயர்ப்பில் சேர்ந்ததுதான். காதில் விழுவதை உடனுக்குடன் கைக்கு மாற்றுகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?

அதனால்தான் காது கேளாதவர்களே மொழிபெயர்ப்பாளர்களாக உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். வரைவை வீடியோவில் பதிந்து, அந்தப் பகுதியை அறியாத மற்ற காது கேளாதவர்களுக்குப் போட்டுக் காட்டி, "என்ன புரிந்தது?" என்று கேட்கிறார்கள். தவறாகப் புரிந்திருந்தால் மறுபடி கேமராமுன் நின்று அந்தப் பகுதியைச் செய்ய வேண்டும். டெஃப் மிஷன்ஸ் என்ற ஊழியம் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அமெரிக்க சைகை மொழி வேதாகமம் 2020-ல்தான் முழுமையடைந்தது.

காது கேட்கிறவர்களுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. எபிரெயமும் கிரேக்கமும் அறிந்தவர்கள் ஆலோசகராக உதவலாம். எடிட்டிங் தெரிந்தவர்கள் அதைச் செய்யலாம். எந்தச் சைகை சரி என்பதை மட்டும் காது கேளாதவர்களே சொல்லட்டும். உங்கள் சபையில் காது கேளாத ஒருவர் இருந்தால், அவருடைய சைகை மொழியில் எந்தெந்தப் பகுதிகள் வந்திருக்கின்றன என்று அவரோடு சேர்ந்து தேடிப் பாருங்கள்.