தரம் சான்றிதழிலா, வகுப்பறையிலா? – வகுப்பறை அணியின் உரை

நடுவர் அவர்களே, சேலத்துப் பெருமக்களே, வணக்கம்.

பி.எட். கல்லூரியின் தரம் என்றால் விதிமுறையும் தரச்சான்றும்தான் என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசினார். ஐம்பது பேருக்கு 2,500 சதுர மீட்டர் நிலம், அதில் 1,500 சதுர மீட்டர் கட்டடம், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் குழுவின் புள்ளி, டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி என்று அடுக்கினார். வகுப்பில் நின்று பாடம் நடத்தப்போகிற பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை?

விதிமுறை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறை பி.எட்.டை இரண்டு ஆண்டாக்கி, 20 வாரம் பள்ளியில் இருக்கச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 100 பேர் சேரும் கல்லூரிக்கு அந்த விதிப்படி ஆசிரியர்கள் 16 பேர். அதில் பாடவாரியாகக் கற்பிக்கும் முறையைச் சொல்லித் தருபவர்கள் எட்டே பேர். அந்த 20 வாரத்தில் 16 வாரம், இரண்டாம் ஆண்டில், பள்ளிக்குப் போகும் நூறு பேரை இந்த எட்டுப் பேர்தான் பார்க்க வேண்டும். ஒருத்தி அஸ்தம்பட்டியில், ஒருவர் ஆத்தூரில், இன்னொருவர் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி நாகலூரில்! கல்லூரியில் முதலாண்டு வகுப்பும் காத்திருக்கிறது. அப்புறம் என்ன, எட்டிப் பார்த்து, பாடக்குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ். பள்ளியும் சும்மா இருக்குமா? ஆள் இல்லாத வகுப்புக்கு அனுப்பும், விடைத்தாள் கட்டைக் கையில் கொடுக்கும். ஏட்டில் மட்டும் 90 விழுக்காடு வருகை பளபளக்கும்.

தரம் எங்கே பிறக்கிறது, சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, பின்னம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஒரு பையன் ஐந்தில் இரண்டு என்கிறான். மாணவ ஆசிரியை "தப்பு, உட்காரு" என்று சொல்லிப் கீழே உள்ள பகுதி எண்களைச் சமமாக்கிப் போட்டுக் காட்டுகிறாள். பின்வரிசையில் கல்லூரியின் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்திருந்தால் பாடம் முடிந்ததும் கேட்பார்: "அவன் மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறான், கவனித்தாயா? ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னது. கூட்டினால் எப்படிக் குறையும் என்று அவனையே கேட்டிருக்கலாமே?" மறுநாள் 'ஆ' பிரிவில் அதே பாடத்தை, இரண்டு காகிதப் பட்டைகளோடு, அவள் திரும்ப நடத்துவாள். அதுதான் பயிற்சி.

சின்னப் பாடம் ஒன்றைச் சிறு குழுவுக்கு நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் இதற்கு இடமே வைத்திருக்கிறார்கள். 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், 6 மறுகற்பித்தல், 6 மறுபின்னூட்டம். மொத்தம் 36. நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது அந்த மறுகற்பித்தல்தான். ரெக்கார்டு நோட்டில் மட்டும் நடந்துவிடும், அதுவும் சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதி.

டெட் என்கிறீர்கள். 150 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. வகுப்பில் எந்தப் பையன் நாலு விடை கொடுத்து டிக் அடிக்கச் சொல்கிறான்?

மலையில் இன்னும் சிக்கல். சேர்வராயனில் காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் பிள்ளைகள் ஒருநாள் வந்து ஒருநாள் வராமல் போனால், "நேற்றுப் படித்ததை நினைவுபடுத்துவோம்" என்று தொடங்கும் பாடக்குறிப்பு முதல் வரியிலேயே படுத்துவிடும். நேற்று வராதவனுக்கு எது நினைவு? அதைச் சமாளிக்க அங்கே நின்று பழக வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கை சின்னது. ஒரு வழிகாட்டிக்கு விழும் பன்னிரண்டு பேரைப் பன்னிரண்டு பள்ளிக்குச் சிதறடிக்காமல், ஆறு ஆறு பேராக இரண்டே பள்ளிக்கு அனுப்புங்கள். வழிகாட்டி முழுநாளும் ஒரே பள்ளியில் உட்காரட்டும். ஒருவர் நடத்தும்போது மற்றவர் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் எதிரணியிடம் இதை மட்டும் கேளுங்கள்: உங்கள் கல்லூரியில் கடைசியாக மறுகற்பித்தல் நடந்தது யாருக்கு, எந்தப் பாடத்தில்?