சாவி டீக்கடையில் இருக்கிறது

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பேச அழைத்தவர்கள் ‘கலைவழிச் சமூகத் தொண்டு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தொண்டு என்றதும் எனக்கு வெள்ளை வேட்டியும் மாலையும் போட்டோவும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. எங்களிடம் அதெல்லாம் கிடையாது. சென்னிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓடு போட்ட பழைய தறிக்கூடம் ஒன்று இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் பொழுதோட அதைத் திறந்து, கூட்டி, தண்ணீர்ப் பானையை நிரப்பி வைப்போம். வருகிறவர்கள் பாடுவார்கள், கும்மி அடிப்பார்கள், தப்பட்டை பழகுவார்கள், துணி தைப்பார்கள், படம் போடுவார்கள். சிலர் கம்முனு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார்கள். அவ்வளவுதான் எங்கள் சங்கம். அதைப் பற்றித்தான் சித்த நேரம் பேசப் போகிறேன்.

அந்தக் கூடத்தில் ஒரு காலத்தில் நான்கு குழித்தறிகள் ஓடின. இடத்துக்குச் சொந்தக்காரர் இப்போது எழுபது வயதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். கைத்தறிக் கூலி கட்டுப்படியாகாமல் போனதும் அவரே தறியை நிறுத்திவிட்டு இன்னொருவர் விசைத்தறிக்கு வேலைக்குப் போய்விட்டார். பல வருஷம் அந்தத் தடதடப்பிலேயே நின்றதில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டது. மகன்கள் ஆளுக்கொரு திக்காகத் திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் போய்விட்டார்கள். “சும்மா பூட்டிக் கெடக்கறதுக்கு நீங்க வெச்சுக்குங்க” என்று சாவியைக் கொடுத்தார். வாடகை கிடையாது, கரண்ட் பில் மட்டும் எங்களுடையது. மூன்று குழிகளை மண் போட்டு மூடினோம். நான்காவதை மூட அவர் விடவில்லை. அவருடைய அப்பாரு உட்கார்ந்து நெய்த குழி அது. இப்போது சின்னப் பிள்ளைகள் அதில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருகிறார்கள்.

சங்கமாகப் பதிவு செய்தால்தான் யாரிடமாவது நன்கொடை கேட்க முடியும் என்றார்கள். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். எங்களிடம் ஆறு பேர்தான் இருந்தோம். ஏழாவது ஆளாக எதிர்த்த டீக்கடை அண்ணனைச் சேர்த்தோம். “எனக்குப் பாட்டும் தெரியாது, ஆட்டமும் தெரியாது” என்றார். கையெழுத்துப் போடத் தெரியுமல்லவா என்றோம். எங்கள் செயற்குழுக் கூட்டம் எதையும் இன்றுவரை தவறவிடாத ஒரே உறுப்பினர் அவர்தான். தூக்கில் டீயோடு வருவார்.

சரி, ஆரம்பத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

31 வருஷம் பள்ளியில் ஓவிய வாத்தியாராக இருந்தவன் நான். ஓய்வுபெற்ற கையோடு ஊர்ப் பெண்களுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன் என்று ஒரு நோட்டீஸ் அடித்தேன். முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். பானை, மாம்பழம், குடை எல்லாம் போடச் சொன்னேன். போட்டார்கள். நான் பழக்க தோஷத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்து, கோடு இங்கே வளைய வேண்டும், நிழல் அக்கட்டால விழ வேண்டும் என்று திருத்தினேன். அடுத்த வாரம் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் நானும் டீக்கடை அண்ணனும்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தால் யார் வருவார்கள்? அது உறைக்க எனக்கு ஒரு மாசம் ஆயிற்று.

அப்புறம் மார்கழி வந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற ஒரு அம்மிணி, கூடத்து வாசல் வெறிச்சென்று கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சாணி தெளித்து, கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்தார். 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரைக்கும். நடுவரிசையில் பதினைந்து, மேலும் கீழும் பதினான்கு, பதின்மூன்று என்று குறைந்துகொண்டே போய் எட்டில் நிற்கும். நான் நின்று மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டிருந்தேன். 169 புள்ளி என்று எனக்கு விடை வருவதற்குள் அவர் புள்ளியை முடித்துக் கோட்டை இழுக்க ஆரம்பித்திருந்தார். ஒரு புள்ளி தவறவில்லை, ஒரு இடத்தில்கூட அழிக்கவில்லை. “எனக்குக் கணக்கே வராதுங்க சார்” என்று சொல்லி எட்டாவதோடு பள்ளியை விட்டவர் அவர். அன்றைக்குச் சிவப்புப் பென்சிலை மேசை டிராயரில் போட்டவன்தான், எடுக்கவே இல்லை. அந்த அம்மிணியின் கோல நோட்டைப் பார்த்துத்தான் இப்போது குழந்தைகளுக்கு வடிவக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லிக் கொடுப்பது அவர், நான் கரும்பலகையைத் துடைத்துக் கொடுக்கிறேன்.

வள்ளி கும்மி எங்கள் பக்கம் இப்போது எவ்வளவு பெரிசாகிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். நோம்பி என்றாலே ஒரே நிறச் சேலையில் நூறு பேர், இருநூறு பேர். ஒரு காலத்தில் இது ஆண்கள் ஆடியது. பெண்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்து வளர்த்தவர்களில் முன்னால் நின்றவர் கோவை மாவட்டத்து பத்திரப்பன் ஐயா. வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. செய்தி வந்த அன்று கூடத்தில் எல்லோருக்கும் டீக்கடை அண்ணன் கணக்கில் கேசரி.

எங்கள் கும்மியில் நூறு பேரெல்லாம் கிடையாது. இருபது பேர் வந்தால் இடம் பத்தாது. வெள்ளிக்கிழமை கம்பெனி வண்டியை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவார்கள். ஒரு அக்கா நாலைந்து வாரமாகத் தூணோரம் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கும்மி வள்ளி கல்யாணத்துப் பாட்டு, அதில் தான் போய் நிற்கலாமா என்கிற தயக்கம். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். கும்மி வாத்தியார் அடியைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வட்டத்தில் சுற்றி வந்தவர், அந்தத் தூண் பக்கம் வந்ததும் பாட்டை நிறுத்தாமல் கையை மட்டும் நீட்டி, “காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்குதுங்க, வாங்க” என்றார். அக்கா எழுந்துவிட்டார். முதல் சுற்றில் அடி மாறிப் பக்கத்தில் இருந்தவர் காலை மிதித்தார். மிதிபட்டவர் “அட, மெதுவாங்க!” என்று சத்தம் போட, மொத்தக் கூட்டமும் சிரித்தது. அந்த அக்காவும் சேர்ந்து சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று அவர் மகள் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

நன்கொடை தருகிறவர்கள் ஒரு படிவம் அனுப்புவார்கள். ‘பயனாளிகள் எண்ணிக்கை’ என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். இந்த அக்காவை அந்தக் கட்டத்தில் எழுதினால் ‘1’. மேடையில் ஒரே சேலையில் முந்நூறு பேரை நிறுத்தியிருந்தால் ‘300’. எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் நெடுநாளாகக் கோபம். வந்தவர்களில் எத்தனை பேர் மறுவாரமும் வந்தார்கள் என்று ஒரு கட்டம் வைத்தால் சந்தோஷமாக நிரப்பித் தருவேன்.

தப்பட்டைக்கு வருகிறேன். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்த ஊர்களில் தப்பட்டையை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்த வீடுகள் உண்டு. எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒட்டுக்கா உட்கார வைத்துத் தப்பட்டை சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த முதல் மாசமே மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒரு அப்பா நேரிலேயே வந்து, “படம் போடறதுன்னா அனுப்பறேங்க, இது வேண்டாம்” என்றார். நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் தப்பட்டையைக் கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்ளவும் இல்லை. வாசலில், தெருவைப் பார்த்துத்தான் அடிப்போம் என்று ஆசான் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவருக்கு அது பரம்பரை வேலை. சாவு வீட்டு வாசலில் மட்டும் நிற்க வைத்த கருவியோடு ஊர் நடுவில் நின்று, பிள்ளைகள் வாயால் “ஐயா” என்று கேட்கிற இடம் அவருக்கு இது ஒன்றுதான். நின்றுபோன மூவரில் ஒருவன் ஆறு மாசம் கழித்துத் தானே வந்துவிட்டான். மற்ற இருவரும் வரவில்லை.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது காய்ச்சுகிற வேலை. தென்னஞ்சருகைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். நைந்து ‘பொத் பொத்’தென்று கிடந்த தோல் சூடேற ஏறக் கணீரென்று பேச ஆரம்பிக்கும். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிசான நீளச் சுண்டுக்குச்சி. பீகாரிலிருந்து வந்து சிப்காட்டில் வேலை பார்க்கிறவரின் பையன் ஒருவன் இருக்கிறான், ஒன்பது வயது. வந்த புதிதில் தமிழ் சுத்தமாக வராது, வகுப்பில் வாயே திறக்க மாட்டானாம். சுண்டுக்குச்சி அவன் கையில் அப்படித் துள்ளும். அவன் தமிழில் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம், “இன்னுங் கொஞ்சம் காச்சோணுங்க” என்பது. கொங்குத் தமிழே கற்றுவிட்டான்.

பெரியவர் கதையைப் பாதியில் விட்டேன் அல்லவா? காது கேட்காததால் கூட்டத்துக்கு வந்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும். எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஒருநாள் தப்பட்டை அடிக்கையில் அந்த நான்காவது குழியில் போய் உட்கார்ந்தார். பழைய பழக்கத்தில் இரண்டு காலும் மிதி இருந்த இடத்துக்குப் போயின. சித்த நேரத்தில் பார்க்கிறேன், தாளத்துக்குச் சரியாகக் கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருக்கிறார். தரையில் அதிர்வது காலுக்குத் தெரிகிறது. இல்லாத மிதியை மிதித்து, இல்லாத நாடாவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆசான் அதைக் கவனித்துவிட்டு அடியை அவர் காலுக்குத் தகுந்தாற்போல் மெதுவாக மாற்றினார். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார். பிள்ளைகள் குழியைக் காலி செய்து கொடுத்துவிடுவார்கள்.

கலையால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பதை உலக சுகாதார நிறுவனமே 2019-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பங்களில் அதை எடுத்து எழுதுவேன். ஆனால் நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கும்மி அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்வதில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழப் பிடிக்கவில்லை என்று பேசுகிறவரை டாக்டரிடம்தான் அழைத்துப் போகிறோம். 14416 என்று மனநல ஆலோசனைக்கு ஒரு இலவச எண் இருக்கிறது. அதைக் கூடத்துச் சுவரில், பிள்ளைகளே எழுதின பெரிய எழுத்தில் போட்டு வைத்திருக்கிறோம்.

எங்கள் வேலையில் வெளியே தெரியாத பாதி, காகித வேலை. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது. வயதாகி நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3000 ரூபாய் உதவித்தொகைத் திட்டமும் இருக்கிறது. ஆனால் உடுக்கை அடித்து விடிய விடிய அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை, பாடுகிறவருக்கு, தான் கலைஞர் என்பதற்கு அத்தாட்சி கொடு என்றால் எங்கே போவார்? வயதுச் சான்று ஒரு பெயரில் இருக்கும், ஆதார் வேறு எழுத்தில் இருக்கும். ஒரு அலுவலகத்துக்கு அவரோடு நான்கு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு தாள் குறைகிறது என்றார்கள். எங்களில் கல்லூரி படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் இப்போது இதையெல்லாம் பார்க்கிறாள். விண்ணப்பத்தோடு சேர்க்க அவர் பாடுவதைச் செல்போனில் பதிவு செய்தோம். அப்போது அவர் சொன்னார், “எங்க காலத்துலயே ஒரு வெள்ளைக்காரம்மா வந்து இதையெல்லாம் புடிச்சுட்டுப் போச்சுங்களே!” அவர் சொன்னது பிரெண்டா பெக் அம்மையாரை. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர். காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-ல் அண்ணன்மார் கதையை டேப்பில் பதிவு செய்தவர். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பக்கத்துத் தெருவில் இருந்த நான் கேட்டதில்லை. இப்போது ஒரு பாட்டுக்குப் பத்து நாள் என்று அந்தப் பெண் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். நடுவில் அவர் வெற்றிலை போடுகிற சத்தத்தையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வருகிற வாத்தியார்களுக்கும் ஆசானுக்கும் சம்பளம் கொடுத்துவிடுகிறோம், பெரிய தொகை இல்லாவிட்டாலும். சேவைதானே, இலவசமாக வரக் கூடாதா என்று ஒரு கணக்குப்பிள்ளை கேட்டார். உங்கள் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். பேச்சு அதோடு நின்றது. பணம் வேறு எங்கிருந்து வருகிறது என்றால், திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டிலிருந்து. கம்பெனிகளில் மூட்டையாகக் கிடைக்கிற பனியன் துண்டுகளைப் பின்னி மிதியடியும் உட்காரும் விரிப்பும் செய்கிறோம். சென்னிமலையில் நெய்த குடும்பத்துக் கைகள், நிறம் சேர்ப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வியாபாரம் செய்ய எங்களுக்கு வராது. போன தீபாவளிக்கு விற்றதைவிட ஒறம்பரை, சொந்தபந்தம் என்று சும்மா கொடுத்ததுதான் அதிகம்.

சென்னிமலைப் பக்கம் மலையேற வந்தால், செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, இந்த மூன்று நாளில் ஒன்றாக வந்தீர்களானால் அப்படியே எட்டிப் பாருங்கள். கூடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது, நடை திறந்திருந்தால் உள்ளே வந்துவிடலாம். பூட்டியிருந்தால் எதிர்த்த டீக்கடையில் கேளுங்கள், சாவி அங்கேதான் ஆணியில் தொங்கும். வணக்கம்.