கேட்டு வாங்கும் மன்னிப்பு

வணக்கம் நேயர்களே.

அகமதாபாத் மாவட்ட நீதிபதி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தை 1919 ஆகஸ்டில் காந்தி தமது 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டார். சத்தியாக்கிரக உறுதிமொழியில் கையெழுத்திட்ட வழக்கறிஞர்களைப் பற்றிய கடிதம் அது. விவகாரம் நீதிமன்றத்தின் முன் இருக்கும்போது அதை அச்சிட்டது நீதிமன்ற அவமதிப்பு என்றார்கள் உயர் நீதிமன்றத்தார். மன்னிப்புக் கேட்டு இதழில் வெளியிடச் சொன்னார்கள். அதற்கான வாசகத்தையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்!

காந்தி மறுத்தார். பத்திரிகையாளனின் கடமை என்று தாம் கருதிய செயலுக்கு, உள்ளத்தில் இல்லாத வருத்தத்தைத் தெரிவிக்க அவர் ஒப்பவில்லை. அப்படிப்பட்ட மன்னிப்பை நீதிமன்றமே விரும்பாது என்று பணிவோடு எடுத்துச் சொன்னார். தண்டனைக்கும் ஆயத்தமாக இருந்தார். 1920 மார்ச்சில் கடுமையாகக் கண்டித்து, எச்சரித்து அனுப்பினார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து, 2020இல், வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் இரண்டு ட்விட்டர் பதிவுகளுக்காக அவமதிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நின்றார். உண்மையென்று நம்புவதைத் திரும்பப் பெற்றுப் போலியாக மன்னிப்புக் கேட்பது மனசாட்சியை அவமதிப்பதாகும் என்றார். யோசிக்க அவகாசம் கொடுத்தும் அவர் மாறவில்லை. அபராதம் 1 ரூபாய்.

1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில், மன்னிப்பு நிறைவளித்தால் தண்டனையைத் தள்ளுபடி செய்ய இடமுண்டு. ஆறு மாதச் சிறைக்கு அஞ்சிக் கேட்ட மன்னிப்பையும் மனமறிந்து கேட்டதையும் எந்த நீதிபதி பிரித்தறிவார்? அஞ்சியவர் கையெழுத்திட்டு வீடு திரும்புகிறார். பொய் சொல்ல மறுத்தவர் தண்டனை பெறுகிறார். இது எனக்குக் கோபமூட்டுகிறது.

2024இல், நோய்களைக் குணப்படுத்துவதாகத் தவறான விளம்பரம் செய்த பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனத்தின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் வந்தது. இனி அத்தகைய விளம்பரம் செய்யமாட்டோம் என்று உறுதியளித்துவிட்டு மீறியதற்காக அதன் நிறுவனர்கள் ராம்தேவும் பாலகிருஷ்ணாவும் கேட்ட மன்னிப்பை முதலில் நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு நிறுவனம் 67 நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டது. "உங்கள் விளம்பரங்களின் அளவுக்கு அது இருந்ததா?" என்று நீதிபதிகள் கேட்டார்கள். மறுநாளே பெரிய அளவில் வெளிவந்தது.

அருமையான கேள்வி அது. அந்த விளம்பரத்தை நம்பிய நோயாளிக்கு நிறுவனத்தின் மனவருத்தத்தால் என்ன பயன்? அவர் படித்தது தவறு என்று அவர் கண்ணில் படும்படி அதே அளவில் அச்சாக வேண்டும். அதை ஆணையிட்டுப் பெறலாம், அடிக்கோல் வைத்து அளக்கவும் செய்யலாம். 'மனப்பூர்வமாக வருந்துகிறேன்' என்ற வரியையும் எழுதித் தரும்படி கேட்பதை மட்டும் நீதிமன்றங்கள் கைவிட வேண்டும்.