மூத்தவளுக்குப் பொறுப்பு குணமா, சுமையா?

வணக்கம் மக்களே. பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட் தாண்டி ரோட்டோரமாக நின்று பேசுகிறேன், வண்டிச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எத்தனையாவது பிள்ளையாகப் பிறந்தோம் என்பதற்கும் நம் குணத்துக்கும் சம்பந்தம் உண்டா? இதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நம் தர்மபுரிப் பக்கம் கல்யாணப் பேச்சிலேயே இது வந்துவிடும். "மூத்த மருமகளாகப் போனால் எல்லாம் உன் தலையில்தான் விடியும்" என்று பெண்ணை எச்சரிப்பார்கள். "பையன் கடைக்குட்டி, செல்லமாக வளர்ந்தவன், பொறுப்பு இருக்காது" என்று நல்ல வரனைத் தட்டிக் கழிப்பார்கள். தலைச்சன் பையனுக்குத் தலைச்சன் பெண்ணை எடுக்கவே தயங்குகிற வீடுகளும் இருக்கின்றன.

உலகம் முழுக்க இந்த நம்பிக்கை இருக்கிறது. இதற்கு மனவியலில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர். 1870இல் பிறந்தவர், அவரே வீட்டில் இரண்டாவது பிள்ளை. முதல் குழந்தை ராஜா மாதிரி இருக்கும், தம்பியோ தங்கையோ வந்ததும் சிம்மாசனம் பறிபோகும், அதனால் அது சட்டதிட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளரும் என்றார். இரண்டாவது போட்டி போடும், கடைசி செல்லம் கொஞ்சும் என்றார். கேட்டால் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருக்கிறது, இல்லையா? ஆனால் "மூத்தது மோழை, இளையது காளை" என்று நம் ஊர்ப் பழமொழி ஒன்று இருக்கிறது, மூத்தது மந்தம், இளையதுதான் துடிப்பு என்று அர்த்தம். அதைக் கேட்டாலும் தலையாட்டத்தான் தோன்றும். எதிரெதிரான இரண்டு பேச்சுக்கும் ஆட்கள் கிடைக்கிறார்கள் என்றால், நாம் நமக்குப் பிடித்த உதாரணத்தை மட்டும் பொறுக்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

சரி, ஆயிரக்கணக்கான பேரை வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? 2015இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. இன்னொன்று அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் சுமார் 3,77,000 பேரை. கலகலப்பு, பொறுமை, பொறுப்பு, பதற்றம் எல்லாவற்றையும் அளந்தார்கள். முதல் ஆய்வில் பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. இரண்டாவதில் இருந்த தொடர்பு, நேரில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சிறியது.

அப்படியானால் நம் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரிகிறது? ஒரு காரணம் வயசு. பதினான்கு வயசுப் பெண்ணையும் எட்டு வயசுத் தம்பியையும் பக்கத்தில் நிறுத்தி "பெரியவள் எவ்வளவு பொறுப்பு பாருங்கள்" என்கிறோம். அவன் பதினான்குக்கு வரும்போது எப்படி இருப்பான் என்று அவளோடு யாரும் ஒப்பிடுவதில்லை. அதற்குள் அவளுக்கு இருபது ஆகிவிடும்.

புத்திக்கூர்மைத் தேர்வில் மட்டும் ஒரு வித்தியாசம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. மூத்தவர்கள் சராசரியாக ஒன்று, ஒன்றரை புள்ளி கூடுதல். அதுவும் பத்து ஜோடியில் நான்கில் இளையவர்தான் முன்னால் நிற்கிறார். ஆகவே இதை வைத்துப் பெரியவனை மட்டும் இன்ஜினியரிங் படிக்க வைக்காதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நார்வேயில் 2007இல் வந்த ஆய்வு. அங்கே ராணுவத்தில் சேரும்போது எடுக்கிற தேர்வில் சுமார் 2,40,000 இளைஞர்களின் மதிப்பெண்களைப் பார்த்தார்கள். மூத்தவர்கள் கொஞ்சம் மேலே. ஆனால் இரண்டாவதாகப் பிறந்து, அண்ணனோ அக்காவோ சின்ன வயதிலேயே இறந்துபோனதால் வீட்டில் மூத்தவராக வளர்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய மதிப்பெண் மூத்தவர்களைப் போலவே இருந்தது! வயிற்றில் வந்த வரிசை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த இடம்தான் வேலை செய்திருக்கிறது.

இதை நான் எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார்கள். வீட்டில் ஆயா, மூன்று பிள்ளைகள். மூத்தவள் எட்டாவது படிக்கிறாள். காலையில் குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு ஓடிவந்து, ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு தங்கச்சிக்குப் பின்னல் போடுவாள். தம்பி சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தால், வாயே திறக்காமல் இழுத்துச் சரியாகப் போடுவாள். பள்ளியில் காலை உணவு கொடுக்கிறார்கள் என்பதால் சின்னதுகளின் சாப்பாடு ஒரு கவலை குறைந்திருக்கிறது. தெருவில் கேட்டால் அமைதியான பெண், பெரிய மனுஷி என்பார்கள்.

அவள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மையால் மீசை வரைந்துகொண்டு நாட்டாமை வேஷத்தில் வந்தாள். வசனம் மறந்து போனது. டீச்சர் திரைக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுக்க, அதையும் விட்டுவிட்டுச் சொந்தமாக அடித்துவிட்டாள். மைதானமே சிரித்தது. வகுப்பில் ஓயாமல் பேசுகிறவள், நோட்டு மறந்து வருகிறவள் அவள்தான் என்றார் டீச்சர்.

பிள்ளை வளர்ப்பு பற்றி ஆராய்ந்து எழுதிய ஜூடித் ரிச் ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1990களில் இதைத்தான் வாதாடினார். அண்ணன், தம்பி என்கிற நடத்தை வீட்டு வாசலோடு நின்றுவிடும், வெளியே பிள்ளைகள் வேறு ஆளாக இருப்பார்கள் என்றார். நான் அவர் பக்கம். நம் பெரியவளின் பொறுப்பு, வீடு அவளுக்குக் கொடுத்த வேலை. அதைக் குணம் என்று பெயர் வைத்துவிட்டால், வேலையைப் பங்கு போட வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது. எனக்கு வருத்தம் அதில்தான்.

வரிசை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் அது உடம்பிலேயே தெரிகிறது. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2017இல் காட்டினார்கள்: சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிட நம் குழந்தைகள் குள்ளமாக இருப்பது இரண்டாவது பிள்ளையில் ஆரம்பித்து, மூன்றாவது நான்காவதில் கூடுகிறது. மூத்த மகனுக்குக் கொடுக்கிற முன்னுரிமைதான் முக்கியக் காரணம் என்பது அவர்கள் வாதம். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க மூத்தவன் வேண்டும் என்கிற நம்பிக்கை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வருகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் நம் தர்மபுரிக்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் நம் மாவட்டம்தான். ஒரு பெண் இருக்கும்போது அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தால் என்ன நடந்தது என்பதை இங்கே வயதானவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்றைக்கும் பென்னாகரம், அஞ்செட்டி மலைப் பக்கம் படிக்கிற பெண்ணைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்து வைப்பது நடக்கிறது. "அவள் பொறுப்பான பெண், குடும்பத்தைப் பார்த்துக்கொள்வாள்" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அது பாராட்டு இல்லை.

எங்கள் தெருப் பெண் ஜூனில் ஒன்பதாவது போகிறாள். ஹைஸ்கூல் தூரம், முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தங்கச்சி ஐந்தாவது படிக்கிறாள், தலைவாரிக்கொள்ளக் கற்றுக்கொள்கிற வயசுதான். தம்பியும் சின்னக் குடம் தூக்குவான். இந்த முறை அவர்கள் அம்மா பண்டிகைக்கு வரும்போது, யாருக்கு எந்த வேலை என்று மூன்று பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லி நான் கேட்கப் போகிறேன்.