உதவி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்களா? பிள்ளைகள் பக்கத்தில் எப்படி உட்காருவது?

[திரையில்: மூன்றாம் வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையருகே, உதவி ஆசிரியர் கடைசி வரிசையில்.]

வணக்கம். பாடம் நடத்துவது வேறொருவர், பிள்ளைகளோடு ஒட்டி இருப்பது நீங்கள். பெயர், யாருக்கு யார் சிநேகம், யார் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். கஷ்டமே அதற்கு அப்புறம்தான்.

இங்கிலாந்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழுவினர் வகுப்பறை உதவியாளர்களைப் பற்றி ஐந்து வருடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதே நிலையில் இருந்த மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். உதவியாளர்கள் மேல் குற்றமில்லை, அவர்களை வேலை வாங்கிய விதத்தில்தான் கோளாறு என்கிறது ஆய்வு. புரிந்ததா என்று பார்ப்பதைவிடக் கணக்கை முடிக்க வைப்பதே பெரிதாகிவிட்டது.

[திரையில்: நோட்டில் 52 - 27 = 35.]

இதைப் பாருங்கள். "தப்பு, கடன் வாங்கிக் கழி" என்றால் விடை சரியாகிவிடும், பையனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, சொல்லு கண்ணா" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை, மூன்று நொடி பொறுத்தால் பேசாத பிள்ளையும் பேசும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ எழுபதுகளிலேயே காட்டியிருக்கிறார். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு மிஸ்" என்பான். மேலே எது, கீழே எது என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறான், அவ்வளவுதான்! பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து இருபத்தேழு எடுக்கச் சொல்லுங்கள். கட்டை அவனே அவிழ்ப்பான், நீங்கள் அவிழ்க்காதீர்கள். அவன் கையை ஓடவிட்டு, அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுங்கள். பிள்ளைகள் மேல் பாசம் என்பது இந்த நகர்தலையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று, இது முக்கியம். நம்பிக்கை வந்ததும் ஒரு பிள்ளை, "யார்கிட்டயும் சொல்லக் கூடாது மிஸ்" என்று ஆரம்பிக்கலாம். சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்யணும்னா ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்காமல் அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம், மணி அடித்ததும் கிளம்பிவிடாமல் வகுப்பாசிரியரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். "கடைசி வரிசையில் நாலு பேர் கடன் வாங்குவதில் தடுமாறுகிறார்கள்" என்றால் போதும், நாளைய பாடத்தை அவர் அங்கிருந்து தொடங்குவார்.